குறி தவறிய குண்டும் வெடிக்காத துப்பாக்கியும்

தோற்றுவாய்

போர் வரலாற்றைப் படிப்போர் மன்னர்களின் பெயர்களையும் தளபதிகளின் பெயர்களையும் நினைவில் கொள்வர். அப்போர்களில் வீரனின் கையிலிருந்த கருவி ஒழுங்காக இயங்கியதா என்று கேட்போர் மிகச் சிலரே. ஆயினும் ஒரு துப்பாக்கி வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்காமற் போனமையும், வெடித்த குண்டு போக வேண்டிய இடத்திற்குப் போகாமையும் எத்தனையோ உயிர்களின் முடிவைத் தீர்மானித்துள்ளன.

காரீயக் குண்டைக் கையாளத் தொடங்கிய காலம் முதல் மனிதனை இரண்டு குறைகள் தொடர்ந்து வருத்தின. ஒன்று குறி தவறுதல். மற்றொன்று வெடிக்கத் தவறுதல். நெடுங்காலம் இவ்விரண்டிற்கும் வீரனே காரணம் எனக் கருதப்பட்டான். அவன் கை நடுங்கிற்று என்றனர். கண் பிசகிற்று என்றனர். மருந்தை நனையவிட்டான் என்று கடிந்தனர். காரணம் கருவியிலேயே இருக்கக்கூடும் என்று ஐயுற்றுச் சோதித்துக் கண்டவர்கள் பின்னரே தோன்றினர். அவர்கள் கண்ட உண்மைகள் உரிய காலத்தில் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தனவா என்பது அதனினும் பெரிய வினாவாகும். இவ்வரலாற்றில் தென்னிந்தியாவிற்கும் தென்னிந்தியச் சிப்பாய்களுக்கும் ஓர் இடம் உண்டு என்பது பலர் அறியாத செய்தி.

வார்ப்பில் பிறக்கும் குறை

மலேசியத் தமிழர் பேச்சில் ஈயம் என்றால் ஈய லம்பங்களில் கிடைத்த வெள்ளீயத்தையே குறிக்கும். குண்டுக்குரியது அதுவன்று; காரீயம். எளிதில் உருகுவதும் மிகுந்த எடையுடையதுமான உலோகம் அது. ஏறத்தாழ 327 பாகை செல்சியசில் உருகிவிடும். நீரைப் போல் பதினொரு மடங்குக்கும் மேற்பட்ட அடர்த்தி கொண்டது. அடுப்பும் இரும்புக் கரண்டியும் வார்ப்பச்சும் இருந்தால் வீரன் தன் கூடாரத்திலேயே குண்டு வார்த்துக் கொள்ளலாம். துப்பாக்கியின் தொடக்க நூற்றாண்டுகளில் காரீயம் குண்டிற்குரிய உலோகமாக நிலைபெற்றதற்கு இவ்வெளிமையே காரணம்.

எளிமையோடு குறையும் உடன் வந்தது. வார்ப்பச்சு குளிர்ந்திருந்தால் குண்டின் மேல் சுருக்கங்கள் விழும். உலோகத்தை ஒரே ஓட்டமாக ஊற்றாமல் இடையில் நிறுத்தினால் குண்டில் மடிப்பு உண்டாகும். காரீயம் ஆறும்போது சுருங்கும் இயல்புடையது. மேலே நிற்கும் மிகை உலோகம் உள்ளே இறங்கி அச்சுருக்கத்தை நிரப்பவில்லையென்றால் குண்டின் நடுவே வெற்றிடம் தங்கிவிடும். வெளியே பார்ப்பதற்கு உருண்டையாகவே தோன்றும் அக்குண்டின் ஒரு புறம் கனமாகவும் மறுபுறம் இலேசாகவும் இருக்கும். அத்தகைய குண்டு நேராகச் செல்லுமென எதிர்பார்த்தல் அறியாமை.

வார்ப்புக் குறையினும் பெரிய குறை ஒன்று வேண்டுமென்றே ஏற்கப்பட்டிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலப் படைத்துப்பாக்கியின் குழல்வாய் ஏறத்தாழ 0.75 அங்குலம். அதில் இடப்பட்ட குண்டோ 0.69 அங்குல அளவினது. கருமருந்து எரிந்தபின் குழலினுள் தடித்த கரி படியும். குண்டு குழலின் அளவாகவே இருந்தால் சில முறை சுட்டபின் அதனை உள்ளே தள்ள இயலாது. விரைந்து நிரப்ப வேண்டும் என்பதற்காகக் குண்டைச் சிறிதாக்கினர். அதன் விளைவாகக் குண்டு குழலின் பக்கங்களில் மாறிமாறி மோதிக்கொண்டே வெளிவந்தது. கடைசியாக எப்பக்கத்தைத் தொட்டதோ அதற்கேற்பத் திசை மாறிற்று. நூறு கஜத்திற்கு அப்பால் ஒரு மனிதனைக் குறிவைத்து அடிப்பது தற்செயலாகவே அமைந்தது. படையினர் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்ட வழக்கத்திற்கு இதுவும் ஒரு காரணம்.

கடலூரில் மறைந்த கணித அறிஞர்

இக்குறையை முதன்முதலாக முறைப்படி ஆராய்ந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர். இங்கிலாந்தின் பாத் நகரில் 1707ஆம் ஆண்டு பிறந்த இவர் கணிதத்தில் வல்லவர். பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகளைப் பற்றி இவர் எழுதிய நூல் 1742இல் வெளிவந்தது. புகழ்பெற்ற கணித மேதை ஆய்லர் அந்நூலை 1745இல் விளக்கங்களோடு செருமானிய மொழியில் வெளியிட்டார் என்பதிலிருந்தே அதன் சிறப்பு விளங்கும்.

அதுவரை குண்டின் வேகத்தை அளக்க நல்ல வழி ஏதும் இல்லை. ராபின்ஸ் கனத்த மரப்பலகை ஒன்றை ஊசலாகத் தொங்கவிட்டு அதன்மேல் சுட்டார். குண்டு தைத்தவுடன் ஊசல் எவ்வளவு தூரம் அசைந்தது என்பதை அளந்து, அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். அது நொடிக்கு ஏறத்தாழ 1,700 அடி எனத் தெரிந்தது. அவ்வேகத்தில் செல்லும் சிறு குண்டைக் காற்று எதிர்க்கும் விசை, குண்டின் எடையைப் போல் நூறு மடங்கினும் மிகுதி என்றும் கண்டார். கனமான குண்டைக் காற்று ஒன்றும் செய்யாது என்று நம்பியிருந்தோருக்கு இஃது அதிர்ச்சி தந்தது.

அதற்கடுத்த சோதனை இன்னும் நுட்பமானது. துப்பாக்கியை அசையாமல் கட்டி வைத்துச் சுட்டபோதும் குண்டுகள் ஒரே இடத்தில் விழவில்லை. ஆகவே சுடுபவனின் கை காரணமன்று என்பது தெளிவாயிற்று. குண்டு செல்லும் வழியில் மெல்லிய தாள்திரைகளை இடைவெளி விட்டு நிறுத்தினார். ஒவ்வொரு திரையிலும் விழுந்த துளையைக் கொண்டு குண்டின் பாதையை வரைந்தார். குண்டு நேர்கோட்டிலிருந்து வளைந்து விலகுவதும், தொலைவு கூடக்கூட விலகல் பெருகுவதும் தெரிந்தன. குழலின் பக்கத்தில் உரசும் குண்டு சுழல்கிறது. சுழலும் குண்டைக் காற்று ஒருபுறமாகத் தள்ளுகிறது. இதுவே காரணமாகலாம் என்று கருதினார்.

கருதியதோடு நின்றாரில்லை. குழலின் நுனியைச் சற்று இடப்புறமாக வளைத்தார். அவ்வாறு வளைத்தால் குண்டு குழலின் வலச்சுவரை உரசிச் சுழலும். தம் கருத்து உண்மையாயின் குண்டு முதலில் இடப்பக்கம் சென்று, பின்னர் வலப்பக்கம் திரும்ப வேண்டும். தாள்திரைகள் அவ்வாறே காட்டின. இடப்பக்கம் வளைந்த குழலிலிருந்து புறப்பட்ட குண்டு வலப்பக்கம் போய் விழுந்தது. முன்கூட்டியே சொல்லிய முடிவு கண்முன் மெய்ப்பட்டது.

குழலின் உட்புறத்தில் திருகுபோல் வரிகள் வெட்டிய சுரிகுழல் துப்பாக்கி ஏன் குறி தவறுவதில்லை என்பதற்கும் இதே ஆய்வு விடை தந்தது. அதில் குண்டு தான் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு பம்பரம்போல் சுழலும். ஆகவே காற்று ஒரு பக்கமாகத் தள்ளுவதற்கு இடமில்லை. வார்ப்பில் நேர்ந்த சிறு ஏற்றத்தாழ்வும் சுழற்சியால் ஈடு செய்யப்படும். சுரிகுழலின் பயனை முழுதுணர்ந்து தன் படைக்கு வழங்கும் நாடு மற்ற நாடுகளை விஞ்சிவிடும் என 1747இலேயே ராபின்ஸ் எச்சரித்தார்.

அவ்வெச்சரிக்கையை அரசு செயலாக்கவில்லை. ராபின்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக நியமனம் பெற்று, கோட்டைகளைச் சீர்படுத்துவதற்காக 1750இல் தமிழகம் வந்தார். அக்காலத்தில் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையாகும். காய்ச்சலுக்கு ஆளாகி 1751 சூலைத் திங்களில் தம் 44ஆம் அகவையில் அக்கோட்டையிலேயே அவர் மறைந்தார். குண்டு குறி தவறுவதன் காரணத்தை உலகிற்கு எடுத்துச் சொன்ன அறிஞரின் இறுதி நாட்கள் தமிழ்க் கடற்கரையில் கழிந்தன.

பறவைகள் உணர்த்திய உண்மை

இனி இரண்டாம் குறையைக் காண்போம். சக்கிமுக்கித் துப்பாக்கியில் விசையை இழுத்தவுடன் சக்கிமுக்கிக்கல் எஃகுத் தகட்டில் மோதிப் பொறி சிதறும். அப்பொறி வெளிப்புறக் கிண்ணத்திலுள்ள சிறிதளவு மருந்தைப் பற்றவைக்கும். அந்நெருப்பு ஒரு சிறு துளை வழியாகக் குழலினுட் சென்று முதன்மை மருந்தைக் கொளுத்தும். இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் துப்பாக்கி வெடிக்காது. கல் மழுங்கியிருக்கலாம், கிண்ணத்து மருந்து ஈரமாகியிருக்கலாம், காற்று அதனை வாரிச் சென்றிருக்கலாம், துளையைக் கரி அடைத்திருக்கலாம். சில வேளைகளில் கிண்ணத்தில் மட்டும் தீ தோன்றி மறையும், குண்டு அசையாது.

ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி என்னும் ஊரில் சமயகுருவாக இருந்த அலெக்சாந்தர் பார்சைத் என்பவர் நீர்ப்பறவைகளை வேட்டையாடும் பழக்கமுடையவர். கிண்ணத்தில் எழும் தீயையும் புகையையும் கண்டவுடன் பறவைகள் விலகிவிடுவதை அவர் கவனித்தார். கிண்ணத்துத் தீக்கும் குண்டு புறப்படுவதற்கும் இடைப்பட்ட அந்தக் கணப்பொழுதே அவருக்குச் சிக்கலாகத் தோன்றிற்று. தட்டினாலே வெடிக்கும் இயல்புடைய வேதிப்பொருள்கள் அப்போது அறியப்பட்டிருந்தன; பாதரசத்திலிருந்து ஆக்கப்பட்ட அத்தகைய பொருளொன்றைப் பற்றி எட்வர்டு ஹோவார்டு என்பார் 1800இல் அறிவித்திருந்தார். அவற்றைக் குண்டைத் தள்ளுவதற்குப் பயன்படுத்தினால் குழல் வெடித்துவிடும். பார்சைத் அவற்றைக் கொளுத்துவதற்கு மட்டும் பயன்படுத்தினார். சுத்தி தட்டியவுடன் நெருப்பு நேராகக் குழலினுட் பாயும் பொறியை அமைத்து, 1807ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் நாள் காப்புரிமை பெற்றார்.

படைக்கருவித் துறை அவரை முதலில் இலண்டன் கோபுரத்திற்கு அழைத்துச் சோதனை நடத்த இடம் தந்தது. துறைத் தலைவர் மாறியவுடன் அவர் வெளியேற்றப்பட்டார். வேட்டைக்காரர்கள் தட்டுவெடிப் பொறியை விரும்பி வாங்கினர். வெடிப்பொருளைச் சிறு செப்பு மூடியில் அடைக்கும் முறையும் பின்னர் வந்தது. அதுவே கேப்பு எனப்பட்டது. அரசின் படைகளோ பழைய கல்லையே நம்பியிருந்தன.

முடிவாக 1834ஆம் ஆண்டு வுல்விச்சில் ஓர் ஒப்பீட்டுச் சோதனை நடந்தது. ஆறு சக்கிமுக்கித் துப்பாக்கிகளும் ஆறு கேப்புத் துப்பாக்கிகளும் எடுக்கப்பட்டன. ஒவ்வொரு வகையிலும் 6,000 முறை, எல்லா வகையான வானிலையிலும் சுட்டுப் பார்த்தனர். சக்கிமுக்கித் துப்பாக்கி ஏறத்தாழ ஆறரை முறைக்கு ஒரு முறை வெடிக்கத் தவறியது. கேப்புத் துப்பாக்கி ஏறத்தாழ 166 முறைக்கு ஒரு முறையே தவறியது. குறைந்த மருந்தில் குறியும் செம்மையாக அமைந்தது. இதற்கு மேலும் சான்று வேண்டுமோ? ஆயினும் படைகள் முழுமைக்கும் புதிய பொறி போய்ச் சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. அவ்விடைவெளியில்தான் பின்வரும் நிகழ்ச்சி நடந்தது.

கான்டன் மழை

அபினிப் போருக்கான ஆங்கிலப் படை 1840இல் சிங்கப்பூரில் திரண்டு சீனம் நோக்கிச் சென்றது. அப்போரில் சென்னைச் சுதேசிக் காலாட்படையின் 37ஆம் பட்டாளமும் ஈடுபட்டது. தமிழரும் தெலுங்கரும் முசுலிம்களும் பிறரும் கலந்து பணியாற்றிய படை சென்னைப் படை. அப்போர் அவர்களுடைய போரன்று. தங்களுக்குத் தொடர்பில்லாத ஒரு வாணிகத்திற்காக, தங்களுக்குப் பகையில்லாத மக்களோடு போரிட அவர்கள் கப்பலேற்றப்பட்டனர்.

1841ஆம் ஆண்டு மே 30ஆம் நாள். இன்று குவாங்சோ எனப்படும் கான்டன் நகரின் வடக்கே, சான்யுவான்லி என்னும் சிற்றூரைச் சூழ்ந்த வயல்வெளி. அந்நியப் படையின் அத்துமீறல்களால் கொதித்தெழுந்த கிராம மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர். தளபதி சர் ஹியூ கஃப் தம் படையை அவர்கள்மேல் ஏவினார். அவ்வேளையில் இடியும் மின்னலுமாகப் பெருமழை கொட்டிற்று. வரப்புகள் மறைந்தன, வழி தெரியவில்லை. 37ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த ஏறத்தாழ அறுபது சிப்பாய்கள் கொண்ட ஒரு பிரிவு மற்றவர்களிடமிருந்து பிரிந்து தனித்துச் சிக்கிக் கொண்டது.

அச்சிப்பாய்கள் கையிலிருந்தவை சக்கிமுக்கித் துப்பாக்கிகள். மழையில் நனைந்த அவை வெடிக்க மறுத்தன. கல் மோதிற்று, பொறி விழுந்த இடத்தில் மருந்து சேறாக இருந்தது. அன்று களத்திலிருந்த ஐரோப்பிய வீரர் பலரின் துப்பாக்கிகளுக்கும் இதே கதிதான். கிராம மக்களின் திரித்துப்பாக்கிகளும் மழையில் பயன்படவில்லை. ஆனால் அவர்களிடம் நீண்ட ஈட்டிகள் இருந்தன. துப்பாக்கிமுனைக் கத்தியினும் நீளமான ஈட்டிகளுக்கு எதிரே சிப்பாய்கள் சதுர அணி வகுத்து, தோளோடு தோள் சேர்ந்து நின்றனர். வீழ்ந்த ஒரு சிப்பாயின் துப்பாக்கியைக் கிராமத்தவர் ஒருவர் எடுத்து, புது மருந்திட்டு, தம் திரியின் நெருப்பை வைத்துச் சுட்டார். குண்டு பாய்ந்து ஓர் இளம் அதிகாரியின் கை காயமுற்றது. குழலிலும் குண்டிலும் குறையில்லை. கொளுத்தும் முறையிலேயே குறை இருந்தது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேறில்லை.

பிரிவு ஒன்று காணாமற் போனதை உணர்ந்த கஃப், கப்பற்படைக் காலாள் வீரரின் இரு பிரிவுகளைத் தேடி அனுப்பினார். அவர்களிடம் கேப்புத் துப்பாக்கிகள் இருந்தன. அதே மழையில் அவை வெடித்தன. இருள் சூழ்ந்த நேரத்தில் சிப்பாய்கள் மீட்கப்பட்டனர். ஒருவர் மாண்டார், பதின்மருக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

சான்யுவான்லியைச் சீன மக்கள் எளிய உழவர்கள் அந்நியரை எதிர்த்து நின்ற இடமாக இன்றும் போற்றுகின்றனர், அது நியாயமே. ஆங்கிலேயர் இந்நிகழ்ச்சியைத் தட்டுவெடிப் பொறியின் உயர்வுக்குச் சான்றாகப் பலகாலும் எடுத்துக்காட்டினர். அதுவும் உண்மையே. மூன்றாவது உண்மை ஒன்று உண்டு. பார்சைத் காப்புரிமை பெற்று 34 ஆண்டுகளும், வுல்விச் சோதனை முடிந்து ஏழு ஆண்டுகளும் கழிந்த பின்னரே அச்சிப்பாய்கள் வெடிக்காத துப்பாக்கியோடு அவ்வயலில் நின்றனர். அறியாமையால் நேர்ந்த இடர் அன்று அது. அறிந்ததை வழங்கத் தாமதித்ததால் நேர்ந்தது.

விரியும் குண்டு

வெடிக்கும் சிக்கல் தீர்ந்தபின் குறியின் சிக்கல் மீண்டும் முன்னே வந்தது. சுரிகுழலில் குண்டு வரிகளைப் பற்றிக்கொள்ள வேண்டும். அதற்குக் குண்டு இறுக்கமாக இருக்க வேண்டும். விரைவாக நிரப்பவோ குண்டு தளர்வாக இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரண்டையும் எவ்வாறு இணைப்பது?

இதற்குரிய குறிப்பும் தென்னிந்தியாவிலிருந்தே கிடைத்ததாக ஆயுத வரலாற்று நூல்கள் கூறும். அங்குப் பணியாற்றிய கேப்டன் நார்ட்டன் என்பார் உள்ளூர் மக்கள் பயன்படுத்திய ஊதுகுழல் அம்பைக் கண்டார். அதன் அடியில் மென்மையான தக்கை இருந்தது. ஊதும்போது அத்தக்கை விரிந்து குழலை அடைத்து, காற்று வீணாகாமல் தடுத்தது. அதனைக் கொண்டு அவர் 1823இல் அடிப்புறம் குழிந்த குண்டை வடிவமைத்தார். வில்லியம் கிரீனர் என்னும் துப்பாக்கித் தொழிலரும் 1830களில் விரியும் குண்டொன்றை ஆக்கிக் காட்டினார். அரசு இருவரையும் ஏற்கவில்லை. பிரெஞ்சுக்காரரான மினியே 1849இல் அதே கொள்கையில் அமைத்த குண்டு வெற்றி பெற்றபின், அதனைப் பயன்படுத்தும் உரிமைக்காக ஆங்கில அரசு 20,000 பவுன் கொடுக்க நேர்ந்தது.

மினியேயின் குண்டு நீண்டு கூம்பியது. அடியில் குழியும் அக்குழியில் இரும்புக் கிண்ணமும் உடையது. மருந்து வெடித்தவுடன் கிண்ணம் முன்னேறிக் குண்டின் அடிப்பகுதியை விரிக்கும். விரிந்த காரீயம் வரிகளைப் பற்றும். ஆயினும் புதிய கருவி புதிய குறைகளையும் கொண்டு வந்தது. சில வேளைகளில் கிண்ணம் குண்டின் தலையைத் துளைத்துச் சென்றுவிடும். காரீய வளையமொன்று குழலிலேயே தங்கிவிடும். காரீயத்தில் வேறு உலோகம் கலந்து கடினமாகியிருந்தால் குண்டு விரியாது; விரியாத குண்டு சுழலாது; சுழலாத குண்டு குறி சேராது. ஆகவே தூய, மென்மையான காரீயம் வற்புறுத்தப்பட்டது. இரும்புக் கிண்ணத்திற்குப் பதில் மரத்தக்கை வந்தது. வார்ப்பில் வெற்றிடம் நேர்வதைத் தவிர்க்க, வுல்விச் தொழிற்சாலையில் காரீயத்தைக் கம்பியாக்கி எந்திரத்தால் அழுத்திக் குண்டு செய்யத் தொடங்கினர். ஒவ்வொரு மாற்றமும் ஒவ்வொரு குறையின் காரணத்தைத் தேடிக் கண்டதன் பயனாகும்.

கணக்கில் சேராத காரணம்

1853ஆம் ஆண்டின் என்பீல்டு துப்பாக்கி இவ்வளர்ச்சியின் பயன். பழைய துப்பாக்கியால் நூறு கஜத்திற்கு மேல் நம்பிச் சுட இயலாத நிலை மாறி, இதில் 900 கஜம் வரை அளவு குறிக்கப்பட்டது. குழல்வாய் 0.577 அங்குலம், குண்டு 0.568 அங்குலம். இவ்வளவு நெருக்கமான குண்டு கரி படிந்த குழலில் எளிதாக இறங்க வேண்டுமெனத் தோட்டாவின் தாளுக்குக் கொழுப்புப் பூசினர். கொழுப்புக் கரியை மென்மையாக்கும். குண்டு வழுக்கிச் செல்ல உதவும். பொறியியல் நோக்கில் இது சரியான தீர்வே.

ஆனால் சிப்பாய் அத்தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டியிருந்தது. அதில் பூசியது பசுவின் கொழுப்போ பன்றியின் கொழுப்போ என்னும் ஐயம் 1857 சனவரியில் டம்டம்மில் கிளம்பியது. அச்செய்தி வங்காளப் படை முழுவதும் பரவிற்று. சிப்பாய்கள் தாங்களே நெய்யும் தேன்மெழுகும் பூசிக்கொள்ளலாம் என்று பின்னர் அறிவித்தும் பயனில்லை. 1857 மே 10இல் மீரட்டில் புரட்சி வெடித்தது. அப்புரட்சிக்கு ஆட்சி, நிலம், வரி, மரபு சார்ந்த ஆழமான காரணங்கள் பல உண்டு. தோட்டாவை மட்டும் காரணமாகக் கூறுதல் பிழை. எனினும் குண்டையும் குழலையும் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் வரை அளந்தவர்கள், அத்தோட்டாவைக் கடிக்கும் மனிதனை அளந்தாரில்லை என்பது மெய். பின்னர் 1859இல் குண்டு 0.55 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. கொழுப்பின் இடத்தைப் பெரும்பாலும் தேன்மெழுகு பெற்றது. முன்னரே செய்திருக்கக் கூடிய மாற்றமே அது.

மீண்டும் தாள்திரைகள்

1860களில் குண்டும் மருந்தும் கேப்பும் ஒருங்கே அடங்கிய உலோகத் தோட்டா படைகளுக்கு வந்தது. வெடித்த தோட்டாக்கூட்டை எறிந்துவிடாமல், புதிய கேப்பும் மருந்தும் தாமே வார்த்த குண்டும் இட்டு மீண்டும் நிரப்பும் வழக்கம் அமெரிக்காவில் பெருகிற்று. ஜான் பார்லோ என்பவர் 1884இல் தொடங்கிய ஐடியல் நிறுவனம் அதற்கான வார்ப்பச்சுகளையும் கருவிகளையும் விற்றது. அதே 1884இல் பிரான்சில் வியெய் என்பவர் புகையற்ற மருந்தைக் கண்டார். அம்மருந்து தந்த பெருவேகத்தில் வார்ப்புக் காரீயம் வரிகளைப் பற்ற இயலாமல் உரிந்து குழலில் ஒட்டியது. படைகள் செப்பு உறையிட்ட குண்டிற்கு மாறின. கைநிரப்பாளரோ காரீயத்தோடு வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலந்து கடினமாக்கி, அடியில் செப்புக் கிண்ணம் பொருத்தி, வார்ப்புக் குண்டைக் காப்பாற்றினர்.

மாசசூசெட்சு மாநிலத்து மருத்துவர் பிராங்கிளின் மான், குண்டு குறி தவறுவதன் காரணத்தைத் தேடிப் பல்லாண்டு சோதனை செய்து 1909இல் நூல் வெளியிட்டார். துப்பாக்கியை அசையாத தாங்கியில் வைத்து, பாதையில் தாள்திரைகளை நிறுத்திச் சுட்டார். ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன் ராபின்ஸ் கையாண்ட அதே முறை! குண்டுகளில் வேண்டுமென்றே ஒவ்வொரு குறையை ஏற்படுத்திப் பார்த்தார். முனை சிதைந்த குண்டு பெரிதும் விலகவில்லை. அடிப்புறம் சிறிது சிதைந்த குண்டோ வெகுவாக விலகிற்று. குழல்வாயை விட்டு நீங்கும் நொடியில் வாயுவின் தள்ளுதல் அடியில்தான் விழுகிறது. ஆகவே வார்ப்போர் முனையின் அழகைப் பார்ப்பதினும் அடியின் செம்மையைப் பார்க்க வேண்டும் என்பது நிலைநாட்டப்பட்டது.

கைநிரப்புக் கலையில் குறை தேடும் முறையும் இவ்வாறே ஒழுங்குபட்டது. குண்டுகள் சிதறி விழுந்தால் முதலில் அவற்றை நிறுப்பர். எடை குறைந்தது உள்ளே வெற்றிடமுடையது. காரீயம் குழலின் பின்பகுதியில் படிந்திருந்தால் குண்டு அளவிற் சிறுத்து வாயு கசிந்ததாகக் கொள்வர். வாய்ப்பகுதியில் படிந்திருந்தால் மசகு போதவில்லை எனக் கொள்வர். தோட்டா வெடிக்கத் தவறினால் உடனே திறவாமல் சிறிது நேரம் குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்திருந்து, பின்னரே கேப்பின் மேல் விழுந்த தழும்பைப் பார்ப்பர். தழும்பு ஆழமற்றதாயின் விசை தளர்ந்திருக்கலாம், அல்லது கேப்பு இருப்பிடத்தில் முழுமையாக அமராதிருக்கலாம். தழும்பு ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லையெனில் எண்ணெயோ ஈரமோ கேப்பைக் கெடுத்திருக்கலாம். ஓசை மெலிந்து கேட்டால் அடுத்த முறை சுடுவதற்கு முன் குழலைப் பார்த்தே ஆக வேண்டும். குண்டு நடுவழியில் நின்றிருக்கக்கூடும். அதன்மேல் மற்றொன்றைச் சுட்டால் குழல் பிளந்து சுடுபவனையே கொல்லும். எக்காலத்தும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் குறை தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்பது தெரியாது.

முடிவுரை

நோயின் முதல் எது எனத் தேர்ந்த பின்பே மருந்து கொடுக்க வேண்டும் என்பது தமிழர் நெடுங்காலமாக அறிந்த நெறி. ராபின்சும் பார்சைத்தும் மானும் அந்நெறியிலேயே நடந்தனர். குறி தவறியதும் சுட்டவனைப் பழிக்காமல், துப்பாக்கியைக் கட்டி வைத்துச் சுட்டுப் பார்த்தமையே ராபின்சின் பெருமை. வகுப்பறையில் ஒரு மாணவன் தவறும்போதும், முதலில் அவனைக் கடியாமல் பாடத்தையும் கருவியையும் முறையையும் சோதித்துப் பார்க்கும் ஆசிரியர் செய்வது அதே வேலைதான்.

ஆனால் காரணத்தைக் கண்டறிவது பணியின் ஒரு பாதியே. கண்டதைக் காலத்தில் கொண்டு சேர்ப்பதும், அதனைக் கையாளும் மனிதனின் நெஞ்சத்தை மதிப்பதும் மறுபாதி. முதற்பாதி நிறைவேறி மறுபாதி நிறைவேறாத இடைவெளியில்தான் சென்னைச் சிப்பாய்கள் கான்டன் மழையில் ஈட்டிகளுக்கு எதிரே நின்றனர். இலண்டனில் விடை இருந்தது. வயலில் துப்பாக்கி வெடிக்கவில்லை. அந்த இடைவெளிக்கு விலை கொடுத்தவர்களின் பெயர்களைப் பெரிய வரலாற்று நூல்கள் சொல்வதில்லை. அவர்களை நினைவுகூர்தல் தமிழ் மாணவரின் கடமைகளுள் ஒன்றாகும்.